பதினோரு பக்கக் குடும்பம்

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகள் திருப்பதியிலிருந்து போன் செய்தாள். நிமிடம் வரை நினைவிருக்கக் காரணம் உண்டு. அப்போது நான் சித்தூரில் எங்கள் அலுவலகத்தில், எங்கள் பிரிவுக்கு வந்த பாராட்டுப் பத்திரத்தைச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, எனக்கு எத்தினி அண்ணனுங்க?” என்றாள்.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை.

“ஹரிணி, வெளாடாத. குடும்ப சர்டிபிகேட் பாத்துட்டாங்களா?”

“பாத்துக்கினே கீறாங்க. பதினோரு பக்கம் வந்துகீது. மொதப் பக்கத்துல குடும்பத் தலைவர் முனுசாமின்னு போட்டுகீது. நம்ம பக்கத்து வூட்டு முனுசாமி. எங்கூட படிச்ச தேவி எனக்குத் தங்கச்சியாம். நீ ஏழாவது பக்கத்துல கீற. அப்பா ஒம்பதாவது பக்கத்துல. நடுவுல யார் யாரோ கீறாங்க.” அதுவரை சிரிப்பது போல இருந்த குரல் உடைந்தது. “அம்மா, அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணிக் குடுக்கலன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்.”

கால்நடை மருத்துவப் படிப்புக்கான கவுன்சலிங் அது. இரண்டு வருடம் அவள் படித்ததையும், அவள் படிக்கிறாளா என்று பார்ப்பதற்காக நான் தூங்காமல் கிடந்ததையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பிள்ளை பெற்றவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான்: அந்தப் பதினோரு பக்கச் சான்றிதழை வடிவமைத்த குழுவில் நானும் ஒருத்தி. ஆணி அடித்துக்கொண்டிருந்த பாராட்டுப் பத்திரம் அதற்காக வந்ததுதான்.

விருப்ப ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. கொள்கைப் புதுமைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கமூட்டும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஊக்கத்துக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் அந்தப் பயிலரங்கு. திருப்பதியில், சன்னலைத் திறந்தால் மலை தெரியும் ஒரு ஓட்டலில் மூன்று நாள் நடந்தது. சான்றிதழுக்காக மக்கள் அலைவதைக் குறைக்கப் புது முறை ஒன்றை ‘வடிவமைப்புச் சிந்தனை’ வழியாக உருவாக்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகர் வந்திருந்தார். ஐந்து நிறங்களில் ஒட்டுத்தாள் கொடுத்தார். ‘விதி’ என்ற சொல்லை யார் சொன்னாலும் எழுந்து நின்று இரண்டு முறை குதிக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார். வாழ்நாள் முழுவதும் விதிகளை மட்டுமே படித்த ஒரு அதிகாரி, முதல் நாள் மதியத்துக்குள் முழங்கால் வீங்கி, அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். அங்கிருந்தவர்களில் அந்தத் துறையின் சட்டம் முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மக்களை மையமாக வைக்க வேண்டும் என்பதால் கற்பனையில் ஒரு மக்களை உருவாக்கினோம். அவள் பெயர் லக்ஷ்மம்மா. ஊர் வெதுருகுப்பம், வயது நாற்பத்திரண்டு, இரண்டு எருமை, ஒரு மகன், திரை கீறிய செல்போன். அவளுடைய பயம் என்ன, கனவு என்ன என்று தனித்தனித் தாளில் எழுதி ஒட்டினோம். காலையில் அவள் சாப்பிடுவது இட்லியா கேழ்வரகுக் களியா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்து, இட்லி வென்றது. லக்ஷ்மம்மாவை எனக்குத் தெரிந்த அளவுக்கு என் மாமியாரைத் தெரியாது. ஓட்டல் வாசலிலிருந்து ஒரு ஆட்டோ பிடித்து பஸ் நிலையம் போனால் வெதுருகுப்பத்துக்கு பஸ் இருக்கிறது. மூன்று நாளில் யாரும் ஏறவில்லை. நேரில் போனால் லக்ஷ்மம்மாவின் மனம் மாறிவிடுமோ என்று பயந்தோம் போலிருக்கிறது.

பழைய விண்ணப்பத்தில் ‘தகப்பனார் அல்லது கணவர் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. “லக்ஷ்மம்மா ஏன் ஒரு ஆணின் பெயரால் அறியப்பட வேண்டும்?” என்று ஆலோசகர் கேட்டார். அரங்கமே கைதட்டியது. முதலில் இன்னாரின் மகள் என்றும், பிறகு இன்னாரின் மனைவி என்றும் எழுதப்பட்டு வந்தவள் என்பதால் நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டுப்பெயர், சொந்தப் பெயர் இரண்டு மட்டும் போதும் என்று முடிவானது.

தெலுங்குக் குடும்பங்களில் ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் ஒரு வீட்டுப்பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாக வருவது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் இருக்கும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு அது கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அத்தோடு சரி. அந்த அரங்கில் இது தெரிந்த ஒரே ஆள் நான். நகரிக்குப் பக்கத்து ஊரில் விசைத்தறிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, வாரநாட்களில் சித்தூரில் அறையெடுத்து இருந்தவள்.

சொன்னேனா என்று கேட்பீர்கள். ஒரு மஞ்சள் தாளில், ‘வீட்டுப்பெயர் இல்லாதவர்கள்?’ என்று எழுதினேன். ஆலோசகர் அதை வாங்கிப் பார்த்து, “மிக நல்ல கவலை” என்று பாராட்டி, அறையின் மூலையில் ‘பார்க்கிங்’ என்று தலைப்பிட்ட பெரிய தாளில் ஒட்டினார். ஓட்டத்தைத் தடுக்கும் கேள்விகளைப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவைக்கும் இடம் அது. அதில் மொத்தம் இரண்டே தாள்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்று, ‘ஏசி அதிகம்’. ஏசியைப் பத்து நிமிடத்தில் குறைத்துவிட்டார்கள்.

என் தாளை மறுபடியும் எடுத்து நடுவில் ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. எங்களுக்கு வீட்டுப்பெயர் இல்லை என்று பள்ளியிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது. “அதெப்படி இல்லாமப் போகும்? மறந்திருப்பீங்க. பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க” என்பார்கள், ஏதோ பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்தது போல.

மூன்றாம் நாள் மதியம், சோதனை. எல்லோரும் அவரவர் விவரத்தை அவரவர் செல்போனில் நிரப்பிப் பார்க்க வேண்டும். என் திரையில் ‘வீட்டுப்பெயர்’ கட்டம் சிவப்பாக மின்னியது. நிரப்பாமல் நகரவிடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எங்கள் டைரக்டரும் ஒரு போட்டோகிராபரும் நின்றார்கள். நான் ‘நகரி’ என்று தட்டினேன். பச்சை டிக் வந்தது. டைரக்டர் என் தோளுக்கு மேல் கட்டைவிரலை உயர்த்தியபடி எடுத்த படம் மறுநாள் செய்தித்தாளில் வந்தது. சோதனையில் அனைவரும் வெற்றி என்று அறிக்கை போனது.

இதுவரை எழுதியதெல்லாம் மறந்துபோனாலும் இந்த இடத்தை மறக்காதீர்கள். ஆலோசகருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. டைரக்டருக்கும் தெரியாது. தெரிந்தவள் பொய் சொன்னேன், அதுவும் ஒரு படத்துக்காக. விண்ணப்பம் எங்கே உடைகிறது என்று பார்க்கத்தான் உங்களை உட்காரவைக்கிறார்கள். அது உடைந்தால் சத்தம் போடுங்கள். போட்டோ கெட்டால் கெடட்டும்.

முறை அமலுக்கு வந்தது. எங்கள் பக்கத்து மக்கள் சிவப்புக் கட்டத்தைத் தாண்ட என்னைப் போலவே வழி கண்டுபிடித்தார்கள். சிலர் ஊர் பெயர் போட்டார்கள், சிலர் குலசாமி பெயர், ஒருவர் ‘இல்லை’ என்றே போட்டு ‘இல்லை கோவிந்தசாமி’ ஆனார். தரவு அழுக்காக இருக்கிறது என்று டைரக்டர் முகம் சுளித்தார். எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டுப்பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து அதில் ஒன்றைத் தேர்வு செய்யும்படி மாற்றினோம். அத்தனையும் தெலுங்கு வீட்டுப்பெயர்கள். கடைசியில் ஒன்று, ‘இதருலு’. தெலுங்கில் ‘மற்றவர்கள்’ என்று பொருள்.

எனக்குக் குரு என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், எங்கள் ஊர்ச் சச்சிவாலயத்தில் கம்ப்யூட்டரில் விண்ணப்பங்களைப் பதியும் பெண்ணைச் சொல்வேன். ஊருக்கு ஊர் சான்றிதழ் தரும் அலுவலகத்தைத்தான் சச்சிவாலயம் என்கிறோம். தன் பெயர் வேண்டாம் என்றாள், எழுதவில்லை. என்னில் பாதி வயது. மூன்று முறை போன் செய்தாள்.

“மேடம், லிஸ்ட்டுல நம்ம ஆளுங்களுக்குப் பேரே இல்ல. எல்லாரையும் இதருலுன்னு போட்டுக்கினு கீறேன். வுட்டா ஊரே ஒரே வூடாப் போயிடும்.”

“டிக்கெட் போடுங்கம்மா” என்றேன். குறையை இணையத்தில் பதிந்தால் அதற்கு ஒரு எண் தருவோம். அதுதான் டிக்கெட்.

“போடலாம்னுதான் போனேன் மேடம். அதுலயும் வூட்டுப்பேரு கேக்குது.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை அவள் எண்ணைப் பார்த்ததும், கூட்டத்தில் இருக்கிறேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அப்போது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஊர், ஒரே வீட்டுப்பெயர் என்றால் ஒரே குடும்பம் என்று கணினிக்குச் சொல்லிவைத்திருந்தோம். குடும்பத்தில் வயதில் மூத்தவர் தலைவர் என்றும் சொல்லியிருந்தோம். அதனால் எங்கள் ஊரின் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒன்றாகி, விசைத்தறி ஓட்டும் முனுசாமி தலைவரானார். இது எங்கள் அலுவலகத்தில் யார் கண்ணுக்கும் படாததற்குக் காரணம் எங்களுடைய இன்னொரு புதுமை, காகிதமில்லாச் சேவை. விண்ணப்பித்தவருக்கு ஒரு எண்ணும் பச்சை டிக்கும் மட்டும் போகும். சான்றிதழ் தேவைப்படும் இடத்தில்தான் அச்சாகும். ஹரிணிக்குப் பச்சை டிக் வந்த அன்று நான் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தேன்.

முனுசாமிக்கும் எங்களுக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. அவர் வாசலில் துணி துவைக்கும் கல்லிலிருந்து தண்ணீர் எங்கள் வாசலுக்கு ஓடி வந்தது. அரசு ஊழியரான நான் வாயால் சண்டை போடாமல் மனு போட்டேன். ஆட்கள் வந்து கல்லைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள்.

இப்போது என் மகள் அவர் குடும்பத்தில் இருக்கிறாள். குடும்பத்திலிருந்து ஒருவரைப் பிரிக்கத் தலைவர்தான் வர வேண்டும். அச்சாகும் முன் என்றால் ஊர்ச் சச்சிவாலயத்திலேயே விரல் வைக்கலாம்; அச்சாகிவிட்டால், எந்த மேசையில் அச்சானதோ அதே மேசைக்கு நேரில் வந்து விரல் வைக்க வேண்டும். ‘குடும்பத் தலைவரின் கண்ணியம்’ என்று ஆரஞ்சுத் தாளில் எழுதி ஒட்டப்பட்ட யோசனை அது. யார் எழுதியது என்று நினைவில்லை. நான் கைதட்டியது நினைவிருக்கிறது.

போனை வைத்ததும் நான் செய்ததை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். பிரிவில் இருந்ததால் எனக்கு உள்ளே நுழைந்து திருத்தும் உரிமை இருந்தது. கதவைச் சாத்திவிட்டு என் மகளின் எண்ணை மட்டும் தட்டினேன். மீதிப் பக்கங்களில் இருந்தவர்கள் என் நினைவுக்கே வரவில்லை. ‘பிரிக்கவும்’ என்று அழுத்தினேன். ‘குடும்பத் தலைவரின் செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டுள்ளது’ என்று வந்தது.

என் கணவரை அழைத்து, பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னேன். போனை அணைக்காமலே போனார். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே எல்லாம் கேட்டது.

“இன்னாய்யா, வழி தெரிஞ்சுதா எங்க வூட்டுக்கு?”

“அண்ணா, உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும்.”

“வந்துது. அதத்தான் பாத்துக்கினு கீறேன்.”

“அத்தச் சொல்லுங்கண்ணா.”

“சொல்லக்கூடாது.”

“அண்ணா, அவசரம்ணா.”

“அவசரம்னு கேப்பான், அளுதுக்கினு கேப்பான், அப்பகூட சொல்லாதன்னு வண்டியில மைக் கட்டிக்கினு தெருத்தெருவா கத்தினாங்க. உம் பொண்டாட்டி ஆபீசு வண்டிதான அது?”

அந்த வண்டிதான். அந்த அறிவிப்பை எழுதியது நான்.

“பொண்ணுக்கு சீட்டு போயிடும்ணா. இல்லன்னா நீங்க திருப்பதிக்கு வந்து விரல் வைக்கணும். அஞ்சு மணிக்குள்ள.”

தறிச் சத்தம் நின்றது. பிறகு போனும் நின்றது.

கார் பிடித்துத் திருப்பதிக்குக் கிளம்பினேன். வழியில் டைரக்டரிடம் சொன்னேன். “இதை ஒரு கற்றல் வாய்ப்பா எடுத்துக்குங்க, மேடம்” என்றார். ஆலோசகர் அப்போது வேறொரு மாநிலத்தில் இன்னொரு லக்ஷ்மம்மாவோடு இருந்தார். “அருமையான எட்ஜ் கேஸ்” என்றார். எட்ஜ் கேஸ் என்றால் ஓரத்தில் நிற்கும் ஒன்றிரண்டு பேர். பதினோரு பக்கம் இருக்கிறோம் சார் என்றேன். எழுதி அனுப்புங்கள், ஒரு மாநாட்டில் பேசலாம் என்றார்.

கவுன்சலிங் மையத்தில் இருந்த ‘உடனடித் திருத்த மேசை’யும் எங்கள் படைப்புதான். அதிகாரமும் மக்களும் சமம் என்று காட்ட வட்ட மேசை போட்டிருந்தோம். எந்தப் பக்கம் அதிகாரியின் பக்கம் என்று தெரியாததால் மக்கள் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துவிட, அதிகாரி நின்றுகொண்டிருந்தார். வாசலில் சிரித்த முகமும் அழுத முகமும் வரைந்த இரண்டு பொத்தான்களோடு கருத்துப் பெட்டி. காவலாளி அதைத் துடைக்கும்போதெல்லாம் சிரித்த முகம் அழுந்தியது. அந்த எண்ணிக்கையைத்தான் மாதாமாதம் நான் அறிக்கையில் சேர்த்து வந்தேன்.

அதிகாரி நல்ல பிள்ளை. தெலுங்குக்காரர், தமிழும் பேசினார். “மேடம், தலைவர் விரல் வெச்சா ஒரு நிமிஷ வேலை. அவர் இல்லாம நான் தலையை ஆட்ட மட்டும்தான் முடியும். இதை இப்படிப் பண்ணினவங்க யாரோ, அவங்களைக் கேளுங்க.”

நான் யாரையும் கேட்கவில்லை.

ஹரிணி சுவரோரம் உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் பென்சிலால் டிக் அடித்தபடி படித்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“இதுல கீற எல்லாருக்கும் இப்டித்தான ஏதாவது ஒண்ணு நின்னு போயிருக்கும்? பென்சன், ஆஸ்பத்திரி கார்டு, ஏதாவது?”

“இருக்கும்.”

“அவங்களுக்கு யாரும்மா கார் பிடிச்சுக்கினு வருவாங்க?”

மணி மூன்று ஆனது. நாலு ஆனது. முனுசாமியின் போன் அணைந்தே இருந்தது. என் கணவர் அழைத்து, அவர் வீடு பூட்டியிருக்கிறது, எங்கே போனார் என்று தெரியவில்லை என்றார். உள்ளே எங்களுக்குப் பின்னால் இருந்த பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். அடுத்த எண்ணுக்குரிய பையனும் அவன் அம்மாவும் எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா என் முகத்தைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் வேண்டியிருப்பேன்.

நாலு முப்பத்தைந்துக்கு முனுசாமி வந்தார். சட்டையெல்லாம் பஞ்சுத் தூசி. புத்தூரில் பஸ் மாறி நின்றுகொண்டே வந்திருக்கிறார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போய், யாரும் சொல்வதற்கு முன்பே கட்டைவிரலைத் துண்டில் துடைத்து, லேசாகச் சாய்த்து, இயந்திரத்தில் வைத்தார். முதல் முறையிலேயே பச்சை விளக்கு எரிந்தது.

“பழக்கமா பெத்தாயனா?” என்று அதிகாரி பெரியவரைப் பார்த்து வியந்தார்.

“ரெண்டு மாசமா இதான சார் பொழப்பு. ஊரு சச்சிவாலயத்துல தெனம் ஒருத்தரப் பிரிச்சு வுட்டுக்கினு கீறேன். அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு ஒரு நோட்டுல வரிசை எளுதி வச்சுகீது. காலையில ஒரு விரலு, அப்பறம்தான் தறி.” சட்டைப்பையிலிருந்து மடித்த ரசீதுக் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். “இந்தப் பொண்ணு பேரும் நோட்டுல கீது. வரிசை வரல. அதுக்குள்ள இங்க கூப்புட்டாங்க.”

அச்சு இயந்திரத்திலிருந்து ஒரே ஒரு பக்கம் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர். குடும்பத் தலைவர் ஹரிணி, உறுப்பினர் ஹரிணி. அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பத்து நிமிடத்தில் கதவருகே வந்து, சீட்டு கிடைத்துவிட்டது என்று கையை ஆட்டினாள். எதிரில் இருந்த அம்மா தன் பையனின் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நான் முனுசாமியின் முன்னால் போய் நின்றேன். கல்லைப் பற்றிச் சொல்வதா, பெயரைப் பற்றிச் சொல்வதா? அவர் ரசீதுக் கட்டைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி உதவ நினைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “மேடம், உங்க பேரும் ஏழாவது பக்கத்துல இருக்கு. தலைவர் இங்கயே இருக்கார். உங்களையும் பிரிச்சுடட்டுமா?”

முனுசாமி கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்.

“வேணாம் சார். பொண்ணு போவட்டும். எங்க எல்லாருக்கும் இதருலுன்னு பேர வச்சது இந்தம்மா ஆபீசுதான், ஊருக்கே தெரியும். இவங்க எங்க குடும்பத்துலயே இருக்கட்டும். மீதிப் பத்து பக்கத்தையும் எங்கூட நின்னு பிரிச்சு வுட்டுட்டு, கடைசி ஆளா இவங்க போவட்டும்.”